ஊர் திரும்பும்போது பூனையும் வருகிறதா?

வளைகுடாவில் பல ஆண்டுகள் குடும்பத்தோடு இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வரும் வீடுகள் சிலவற்றில் இப்போது பெட்டிகளோடு ஒரு பூனைக் கூண்டும் வந்து இறங்குகிறது. அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பூனைதான் விளையாட்டுத் துணை. விட்டுவிட்டு வா என்றால் வீடே அழும். கொண்டுவரலாம், தடையில்லை. ஆனால் டிக்கெட் எடுத்த பிறகு பூனையைப் பற்றி யோசித்தால் காலம் போதாது.

காரணம் ரேபிஸ் என்னும் வெறிநோய். நாய்க்கு மட்டும் வருவதல்ல, பூனைக்கும் வரும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. கிருமி உடம்புக்குள் போன பிறகும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விலங்கு நன்றாகவே இருக்கும், சாப்பிடும், விளையாடும். உயிரோடிருக்கும் பூனையைப் பார்த்து, “இதற்குள் வெறிநோய் ஒளிந்திருக்கிறது” என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனையும் கிடையாது. இங்கிலாந்தில் வெளிநாட்டு நாய்களை ஆறு மாதம் அடைத்துவைக்கும் சட்டம் இருந்த காலத்தில், அந்த ஆறு மாதத்தையும் முடித்து வெளியே வந்த ஒரு நாய்க்கு 1969இல் கேம்பர்லி என்ற ஊரில் வெறிநோய் கண்டது. ஆக, விமான நிலையத்தில் மருத்துவர் பார்த்துவிட்டால் போதும் என்று நினைக்க முடியாது. முன்கூட்டியே போட்ட தடுப்பூசிதான் காவல்.

அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மைக்ரோசிப். கழுத்துப் பக்கம் தோலுக்கடியில் செலுத்தும் அரிசிமணி அளவுச் சில்லு அது. 15 இலக்க எண் கொண்டது. அதற்குப் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. ஊசியை முதலில் போட்டுவிட்டுச் சில்லை அப்புறம் வைத்தால், ஊசி போட்டது இதே பூனைக்குத்தான் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் போகும். ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. அதனால்தான் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாவது போட்டிருக்க வேண்டும், ஓராண்டு தாண்டியிருக்கக் கூடாது என்கிறது நம் நாட்டு விதி. குட்டிக்குப் பொதுவாகப் பன்னிரண்டு வாரம் ஆன பிறகே இந்த ஊசி. அதோடு ஒரு மாதம் என்றால் நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டியைக் கொண்டுவரும் பேச்சே வேண்டாம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று கிளம்பும் நேரத்தில் புதுக் குட்டி வாங்குவது வீண் வேலை.

சட்டத்தின் கணக்கு வேறு. இரண்டாண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடியிருப்பையே மாற்றி வருபவருக்கு இரண்டு செல்லப்பிராணிகள் வரை அனுமதி. பெருநாள் விடுமுறைக்கு வந்துபோகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்திடம் தடையில்லாச் சான்று முன்னதாகவே வாங்க வேண்டும். புறப்படும் நாட்டு அரசு கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் வேண்டும். திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறதே என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அந்த நிலையம் இருப்பது சென்னையில். தாள் இல்லாமல் வந்தால் உங்கள் செலவிலேயே பூனையைத் திருப்பி அனுப்பிவிடலாம். விதிகள் அவ்வப்போது மாறுவதால் அந்த நிலையத்திடமே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய்க்கும் இதே கணக்குதான். கூடுதலாக உண்ணி. உண்ணி வழியே இரத்தத்தைத் தாக்கும் கிருமிகள் பரவும் என்பதால் ஏற்றுமுன் மருந்து போடுவது நல்லது.

இனி ஊருக்கு வந்த பிறகு. பலர் கவனிக்காத விஷயம், துபாய் பிளாட்டில் வளர்ந்த பூனைக்கு வெறிநோய் ஆபத்து அங்கே இருந்ததைவிட நம் தெருவில்தான் அதிகம். மொட்டைமாடி வழியே இறங்கித் தெருப் பூனையோடு சண்டையிடும், தெருநாயிடம் மாட்டும். ஆண்டுதோறும் ஊசியைத் தொடருங்கள். வீட்டில் ஏற்கனவே பூனை இருந்தால் இரண்டு வாரமாவது தனி அறை, தனித் தட்டு. பூனைகளுக்குள் பரவும் ஒரு வகைக் கொடிய வாந்திபேதி குட்டிகளைச் சாய்த்துவிடும். அதற்கும் தடுப்பூசி உண்டு.

பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். கர்ப்பிணிக்கு அது புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். வெளியேறி ஒரு நாளாவது ஆன பிறகே அது தொற்றும் நிலைக்கு வருவதால், மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். அந்த வேலையை மருமகளிடமோ மகளிடமோ விடாமல் வேறொருவர் செய்யட்டும். அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. பிள்ளைகளின் கையில் வட்டமாக அரிப்பும் செதிலும் கண்டால் படர்தாமரையாக இருக்கலாம். பிள்ளைக்கும் பூனைக்கும் சேர்த்தே வைத்தியம் பாருங்கள்.

பூனை கடித்தாலோ இரத்தம் வரக் கீறினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். “நம் பூனைக்குத்தான் ஊசி போட்டிருக்கிறதே” என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல், பூனையின் ஊசி அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். கடித்த பூனையைப் பத்து நாள் கண்காணிப்பில் வையுங்கள். துரத்திவிட்டால் அதற்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே போகும்.