ஞாயிறுபள்ளிக் குழந்தைகளும் இசைக்குறியீட்டு வாசிப்பும்: ஜான் கர்வெனின் டானிக் சோல்-ஃபா முறை

முன்னுரை

பாடுவதும் இசைக்குறியீட்டை வாசிப்பதும் இருவேறு திறன்கள். செவிவழியே மட்டும் கற்ற குழந்தை, புதிய பாடல் ஒவ்வொன்றுக்கும் ஆசிரியரையே எதிர்நோக்கி நிற்கும். வாசிக்கக் கற்ற குழந்தைக்கு அந்நிலை இல்லை. வாரத்திற்கு ஒருமுறை கூடும் ஞாயிறுபள்ளியில் எளிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு இத்திறனை அளிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவான முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

1841இல் ஹல் நகரில் கூடிய ஞாயிறுபள்ளி ஆசிரியர் மாநாடு, பாடக் கற்பிப்பதற்கு ஏற்ற முறையைக் கண்டறியும் பணியை ஜான் கர்வென் (1816–1880) என்னும் போதகரிடம் ஒப்படைத்தது. அவர் முறையான இசைப்பயிற்சி பெற்றவர் அல்லர். நாரிச் நகரில் குழந்தைகளுக்குக் கற்பித்துவந்த சாரா ஆன் குளோவர் 1835இல் வெளியிட்ட முறையை எடுத்துக்கொண்டு, அதனைத் திருத்தி விரிவாக்கினார்.

முறையின் அமைப்பு

டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ என்னும் ஏழு சுரங்களும் அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளாலேயே எழுதப்பெறும். 'சி' எனப்பட்ட ஏழாம் சுரம் 'டீ' என மாற்றப்பட்டதால், 'சோ'வின் முதலெழுத்தோடு மயக்கம் நேராது. ஐந்துகோட்டுக் குறியீட்டில் சுருதி மாறுந்தோறும் 'டோ'வின் இடமும் மாறும். இம்முறையிலோ எச்சுருதியிலும் 'டோ'வின் எழுத்து ஒன்றே. எந்தச் சுருதியையும் ஆதார சட்ஜமாகக் கொண்டு பாடும் நம் மரபை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். தாளத்தை முக்காற்புள்ளி, நெடுங்கோடு முதலிய அச்சுக்குறிகள் உணர்த்தின. ஆகவே, தனி இசையச்சு தேவைப்படாமல் வழக்கமான அச்செழுத்துகளாலேயே பாடல்களைக் குறைந்த செலவில் அச்சிட முடிந்தது.

கற்பித்தல் நிரல்

ஒலி முன்னும் குறி பின்னும் என்பது கர்வெனின் கொள்கை. முதலில் ஒத்திசைக்கும் டோ, மீ, சோ ஆகிய மூன்றும், அடுத்து ரே, டீ ஆகியனவும், இறுதியில் ஃபா, லா ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. சுரங்கள் ஏணிபோல் மேல்கீழாக எழுதப்பட்ட தொங்குபடத்தை ஆசிரியர் கோலால் சுட்ட, மாணவர் பாடினர். கைச்சைகைகளும் துணைபுரிந்தன. மூடிய கைப்பிடி நிலைபெற்ற 'டோ'வையும், மேல்நோக்கிய சுட்டுவிரல் மேலெழ விழையும் 'டீ'யையும், கீழ்நோக்கிய விரல் 'மீ'யை நாடும் 'ஃபா'வையும் குறித்தன. இதனால் சுரத்தின் பெயரோடு அதன் இயல்பும் குழந்தையின் மனத்தில் பதிந்தது.

எல்லை

தொடக்கத்தில் எழுத்துக்குறியீடு ஐந்துகோட்டுக் குறியீட்டிற்கு இட்டுச்செல்லும் படியாகவே கருதப்பட்டது. 1872இல் கர்வென் தம் பாடத்திட்டத்திலிருந்து ஐந்துகோட்டை நீக்கினார். அதன் விளைவு இருவகைப்பட்டது. எழுத்துக்குறியீட்டில் அச்சான பாடல்களைப் பலர் தடையின்றிப் பாடினர். வேல்ஸ், தென்னாப்பிரிக்கா முதலிய இடங்களின் பாடகர் குழுக்களிலும் அது வேரூன்றியது. ஆனால் அதனை மட்டுமே கற்றவர்க்குக் கருவியிசை ஏடுகள் எட்டாமலே போயின.

முடிவுரை

குழந்தையின் செவியைப் பயிற்றுவதில் இம்முறை சிறந்து நின்றது. எனினும், எழுத்தில் பழகிய சுரங்களை ஐந்துகோட்டிலும் அடையாளம் காணப் பயிற்றும்போதே அக்கல்வி நிறைவுறும். அப்பயிற்சியைக் கைவிட்ட பாடத்திட்டம், பிறரைச் சாராமல் பாடக் கற்ற குழந்தையை மற்றோர் எல்லைக்குள் நிறுத்திவிடுகிறது.