கருத்தடை முறையை மாற்றும்போது கரு தங்காமல் இருக்க

ஒரு கருத்தடை முறையை விட்டு இன்னொன்றுக்கு மாறும் பெண்களுக்கு எதிர்பாராமல் கரு தங்குவது, பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியில்தான். 2019–20இல் ஆந்திராவில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 10 பேருக்கு ஏறக்குறைய 7 பேர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தற்காலிக முறைகளைக் கையாள்பவர்கள் மிகச் சிலரே. ஆகவே திருப்பதிக்கு அருகிலுள்ள வடமாலபேட்டை போன்ற ஊரில் மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாற நினைக்கும் பெண்ணுக்குத் தன் அனுபவத்தைச் சொல்ல, அக்கம்பக்கத்தில் ஆள் கிடைப்பது அரிது.

‘உடம்புக்கு ஓய்வு’ தேவையா?

மாத்திரையை நிறுத்தி ஓரிரு மாதம் விட்டுத்தான் அடுத்ததைத் தொடங்க வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. மாத்திரையை நிறுத்திய சில நாட்களிலேயே கருமுட்டை வளரத் தொடங்கிவிடலாம். பழைய முறையின் பாதுகாப்பு தீருமுன் புதியதைத் தொடங்குவதே சரி.

எதிலிருந்து எதற்கு

மாலா-என் என்ற கருத்தடை மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வருபவர், மாதவிடாய்க்குக் காத்திராமல் அந்தரா என்ற கருத்தடை ஊசிக்கு மாறலாம். அந்தராவை 3 மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அதிலிருந்து மாத்திரைக்கு மாறுபவர், அடுத்த ஊசி போட வேண்டிய நாளில் மாத்திரையைத் தொடங்கிவிடலாம். கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து மீண்டும் கருத்தரிக்கப் பலருக்கு 7 முதல் 10 மாதம் ஆகிறது. ஆனால் அந்தத் தாமதத்தைப் பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது.

கருப்பையில் பொருத்திய காப்பர்-டியை எடுக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். ஆணின் விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடிருக்கும். முந்தின சில நாட்களில் உறவு நடந்திருந்து, மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் காப்பர்-டியை எடுத்தால் கரு தங்கலாம். எனவே மாதவிடாய் நாட்களில் அதை எடுத்து, உடனே மாத்திரையைத் தொடங்குவது நல்லது. மாதவிடாய் தொடங்கி 5 நாளுக்குப் பிறகு மாலா-என் தொடங்கினால் முதல் 7 நாள் ஆணுறையும் தேவை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு மாலா-என் சரிவர வேலை செய்யாது. அவர் மருத்துவரிடம் வேறு முறை கேட்க வேண்டும்.

நாள் தள்ளிப்போனால்

அந்தரா போட்டவர்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது சகஜம். சாயா என்ற கருத்தடை மாத்திரையிலும் நாள் தள்ளும். அது மட்டுமே கர்ப்பத்தின் அடையாளமல்ல. ஆனாலும் முறை மாறிய காலத்தில் சந்தேகத்தை மனத்தில் வைத்துப் புழுங்க வேண்டியதில்லை. ஆஷா ஊழியரிடம் சிறுநீர்ப் பரிசோதனைக்கான ‘நிஷ்சய்’ கிட் இலவசமாகக் கிடைக்கும். உறவு நடந்து 3 வாரம் கழித்துச் செய்தால் முடிவை நம்பலாம். பாதுகாப்பின்றி உறவு நடந்துவிட்டால், அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சாப்பிட வேண்டும்.

கரு தங்கிவிட்டால்

கடையில் கலைப்பு மாத்திரை வாங்கித் தானே விழுங்குவது ஆபத்து. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே உலை வைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து, தேவையானால் திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருத்தடை தவறி உண்டான கர்ப்பத்தை 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு கலைக்க, 2021இல் திருத்தப்பட்ட சட்டம் இடம் தருகிறது. மணமாகாதவர்களுக்கும் இது பொருந்தும். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே போதும். கணவரின் கையெழுத்து தேவையில்லை.