பூரணிக்கு நேர்ந்தது நியாயமா?

வாரப் பத்திரிகைகளில் தொடராக வெளிவந்து, தமிழ்க் குடும்பங்களின் கண்ணீரையும் கடிதங்களையும் ஒருசேரச் சம்பாதித்துக்கொண்ட காதல் நாவல்கள் பல உண்டு. அவற்றுள், வெளிவந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் முடிவு நியாயந்தானா என்பதில் வாசகர்கள் ஒருமித்த அபிப்பிராயத்துக்கு வராத நாவல் எது என்று யாரேனும் கேட்டால், நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ என்று தயக்கமின்றிச் சொல்வேன். 1960-ஆம் ஆண்டையொட்டி, ‘மணிவண்ணன்’ என்னும் புனைபெயரில் ‘கல்கி’ வார இதழில் அது வந்துகொண்டிருந்தபோது ஆசிரியருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அந்த நாவலின் நாயகன் நாயகியர் பெயர்களான அரவிந்தன், பூரணி என்பவற்றைத் தமிழகத்துக் குடும்பங்கள் பல தம் குழந்தைகளுக்குச் சூட்டி மகிழ்ந்தன என்பது பலரும் அறிந்த செய்தி. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் அளவுக்குப் பிரியம் கொண்டவர்களே, அந்தப் பிள்ளையின் பெயருக்குரியவனை ஏன் சாகவிட்டீர்கள் என்று ஆசிரியரிடம் கோபமும் கொண்டார்கள் என்பதுதான் இதில் சிந்திக்கத்தக்கது.

கதையை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அழகியசிற்றம்பலம் காலமாகிறார். தாயையும் முன்னரே இழந்துவிட்ட அவருடைய மூத்த மகள் பூரணி, திருநாவுக்கரசு, சம்பந்தன் என்னும் தம்பியரையும் மங்கையர்க்கரசி என்னும் சின்னஞ்சிறு தங்கையையும் காப்பாற்றவேண்டிய பொறுப்போடு உலகத்தின் முன் தனியே நிற்கிறாள். வேலை தேடி அலைந்து, பசிக் களைப்பால் நடுத்தெருவில் மயங்கி விழுகிறாள். மங்களேசுவரி அம்மாள் என்னும் மாதரசியின் ஆதரவு கிடைக்கிறது. மங்கையர் கழகத்தில் பணி கிடைக்கிறது. தந்தையின் நூல்களை அச்சேற்றும் முயற்சியில், ஓர் அச்சகத்தில் பணிபுரியும் கவியுள்ளம் படைத்த இளைஞன் அரவிந்தனின் அன்பும் கிடைக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கோடைக்கானல் மலையில் அவர்கள் காணும் கட்டம், படித்தவர் எவரும் மறவாதது. பிறகு பூரணி பொதுவாழ்வில் உயர்கிறாள், தேர்தலிலும் நிற்கிறாள். அரவிந்தனோ, விஷக் காய்ச்சல் பரவிய வேளையில் தொண்டு செய்யப் போய், அந்தக் காய்ச்சலுக்கே இரையாகிறான். மணமாலை சூடாமலே, அவன் நினைவைத் தாலியாகக் கொண்டு, வெள்ளையுடுத்தி எஞ்சிய நாளைத் தொண்டில் கழிக்கத் துணிகிறாள் பூரணி.

இந்தத் தொடர் வந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் காரைக்கால் ஓர் அபூர்வமான நிலையில் இருந்தது. 1954 நவம்பர் முதல் தேதியன்றே பிரெஞ்சு நிர்வாகம் விடைபெற்றுக்கொண்டுவிட்டபோதிலும், சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதிதான் நிறைவேறியது. ஆகவே பூரணியின் துக்கத்தைப் படித்து அழுத எங்கள் ஊர்ப் பெண்கள், ஏட்டளவில் இன்னும் பிரான்சின் மண்ணில் அமர்ந்தே அழுதார்கள். நகரத்தின் மேற்கே, திருநள்ளாற்றுக்குப் போகும் சாலையையொட்டிய எங்கள் தருமபுரத்திலும், பத்திரிகை வாங்கும் வீடுகள் சிலவேயானாலும் அதைப் படிக்கும் வீடுகள் பலவாக இருந்தன என்றும், வார இதழ் ஒன்று நாலைந்து வீடுகள் சுற்றித் தாள் கசங்கி உரியவரிடம் திரும்பி வரும் என்றும், தொடர்ப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பதற்கென்றே சிலர் சிரத்தையோடு காத்திருப்பார்கள் என்றும் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி பைண்டு செய்த ஒரு பிரதியில்தான் நானும் இந்த நாவலை முதலில் படித்தேன்.

அந்தப் பிரதி இருந்த வீட்டிலேயே அபிப்பிராயம் இரண்டாகப் பிரிந்திருந்தது. பாட்டியம்மாள், பூரணி செய்ததே தருமம், அதற்கு மேல் பேச்சில்லை என்பார். அவருடைய மருமகளோ, நாவலின் பெரும்பகுதியைப் பிரியத்தோடு படித்தவராயினும், கடைசி அத்தியாயங்கள் வந்தால் புத்தகத்தை மூடிவிடுவார். “செத்துப்போனது பூரணியாக இருந்தால், அரவிந்தன் ஆயுசு முழுக்க வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருப்பானா, அத்தை? அவனுக்கு வேறு பெண் பார்த்திருக்க மாட்டீர்களா?” என்று அவர் கேட்பாராம், பாட்டியம்மாள் அதற்கு நேரான பதில் ஒருநாளும் சொன்னதில்லையாம். இந்தக் கேள்வியைப் பின்னர் நான் வேறு பல பெண்களிடமும் கேட்டிருக்கிறேன். படித்தவர்கள், படிக்காதவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள் என்ற வித்தியாசமில்லை. காதலில் இருவரும் சமமாக ஈடுபட்டிருக்க, அதன் இழப்பை மட்டும் ஒருத்தியின் உடையிலும் நெற்றியிலும் எழுதிவைப்பது என்ன நீதி என்பது அந்தக் கேள்வியின் சாரம். அதை அலட்சியம் செய்து இந்த நாவலைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

ஆயினும் பாட்டியம்மாளின் கட்சியும் எளிதில் தள்ளத்தக்கதன்று. சைவக் குடும்பத்தில் பிறந்து பெரியபுராணத்தைக் காதால் கேட்டு வளர்ந்த எவருக்கும், திருநாவுக்கரசு என்னும் பெயருடைய தம்பியைக் கொண்ட ஒரு தமக்கை, மணம் நிச்சயித்தவனை இழந்து, தம்பிக்காக உயிர் தாங்குகிறாள் என்ற மாத்திரத்தில் திலகவதியார் நினைவுக்கு வந்தே தீருவார். கலிப்பகையார் என்னும் சேனாபதிக்கு மணம் பேசப்பெற்று, அவர் போரில் மாண்டபின், தாமும் உயிர்விடத் துணிந்து, பின்னர் திருநாவுக்கரசரான தம்பி மருணீக்கியாரின் வேண்டுகோளால் வாழ்ந்து, இறுதியில் அந்தத் தம்பியைச் சைவத்துக்கும் தமிழுக்கும் மீட்டுக் கொடுத்தவர் அவர். தமிழ்ப் பண்டிதராகத் தேர்ந்த நா. பார்த்தசாரதி இந்தச் சரித்திரத்தை நெஞ்சில் கொள்ளாமல் தம் கதாபாத்திரங்களுக்குப் பெயரிட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. அன்றியும், காரைக்காலில் பிறந்தவர்களுக்குப் புனிதவதியார் வேறு இருக்கிறார். கணவன் பரமதத்தன் தம்மை விட்டு நீங்கி வேறு மணம் செய்துகொண்டபின், இந்த வனப்பு இனி எதற்கு என்று அதனை உதறிப் பேயுருக் கொண்டு, கைலையைத் தலையால் நடந்தேறிய அம்மையாருக்கு ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா எடுக்கும் ஊர் இது. இல்வாழ்க்கை ஒருத்திக்கு மறுக்கப்பட்டபின் அவள் மகத்தானவளாவாள் என்பதை ஆண்டுதோறும் மாங்கனி இறைத்துக் கொண்டாடுகிற ஒரு நகரத்தில், பூரணியின் முடிவு பலருக்கு இயல்பாகவே தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் இந்த இரு சரித்திரங்களிலும் நாம் கவனிக்கவேண்டிய ஓர் அம்சம் உண்டு. திலகவதியாரும் அம்மையாரும் அந்த வாழ்வைத் தாமே தேர்ந்தவர்கள். பெற்றோரோ ஊராரோ நிர்ப்பந்தித்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. பூரணியும் தானே தேர்கிறாள். மருமகளின் கேள்விக்கு இது ஓரளவு சமாதானம் ஆகலாம். முழுச் சமாதானம் ஆகாது. ஏனெனில் புராணத்து மாந்தரின் தேர்வு அவர்களுடையது. நாவலின் பாத்திரத்துக்கோ அவள் எதைத் தேரவேண்டும் என்பதை எழுதுகிறவரே தீர்மானிக்கிறார்.

இலக்கிய விமரிசகர்களின் கட்சி வேறு. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியிருந்தார்; வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் வாசகரின் ருசியைக் கெடுக்கின்றன என்று க. நா. சுப்ரமண்யம் இடைவிடாமல் வாதித்துக்கொண்டிருந்தார். அந்த அளவுகோலைக் கையிலெடுத்தவர்களுக்குக் ‘குறிஞ்சி மலர்’ மிகவும் குறையுடைய நூலாகத் தோன்றியது. அரவிந்தனிடம் ஒரு சிறு மாசும் இல்லை, பூரணி பேசினால் பிரசங்கம் போலிருக்கிறது, அத்தியாயந்தோறும் தலைப்பில் ஒரு செய்யுள் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்றெல்லாம் அவர்கள் சொன்ன குற்றங்களில் பெரும்பாலானவை உண்மையே. காவிரிக் கரையிலேயே, அதே காலப் பகுதியில், தி. ஜானகிராமன் ‘மோகமுள்’ எழுதித் தந்த பாபுவையும் யமுனாவையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், அரவிந்தன் நிழலற்ற மனிதனாகத் தெரிவது தவிர்க்கமுடியாதது. பாபு சஞ்சலப்படுகிறான், வெட்கப்படுகிறான், தவறுகிறான். அரவிந்தன் உருகுகிறான், எழுதுகிறான், சேவை செய்கிறான், இறக்கிறான். பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடராக இக்கதை வந்தபோது அரவிந்தனாக நடித்தவர், பின்னாளில் தமிழக முதலமைச்சரான மு. க. ஸ்டாலின்; நடிப்புக் கலையில் தேர்ந்த எவருக்கும்கூட அந்தப் பாத்திரத்துக்குச் சதையும் ரத்தமும் தருவது கடினமான காரியமே.

கதை மாந்தருக்காக வாசகர்கள் ஆசிரியரை வழக்குக்கு இழுப்பது நமக்கு மட்டும் உரிய பழக்கமன்று. காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் தாயகத்தில், 1761-ல் ரூஸோ ‘ழூலி’ என்னும் காதல் நாவலை வெளியிட்டார். தனக்குப் பாடம் சொன்ன ஆசிரியனிடம் மனத்தைப் பறிகொடுத்த ஒரு பெண், தந்தையின் விருப்பத்துக்காக வேறொருவரை மணந்து, நீரில் விழுந்த தன் குழந்தையைக் காப்பாற்றி, அதன் காரணமாகவே நோயுற்று இறக்கும் கதை அது. அதைப் படித்தவர்கள், தாம் அழுத அழுகையை விவரித்து ரூஸோவுக்குக் கடிதம் எழுதினார்கள். ழூலி மெய்யாகவே வாழ்ந்தவளா என்று கேட்டார்கள். பிறருக்காக உயிர்கொடுத்த காதலரை வாசகர் மன்னிக்க முடியாமலும் மறக்க முடியாமலும் தவித்தது இரு தேசத்திலும் ஒன்றே. நம்மிடையே கல்கி, ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, மாந்தர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டவர்களுக்காக முடிவுரை ஒன்று எழுதிச் சமாதானம் சொன்னார். அதே ‘கல்கி’ பத்திரிகையில் எழுத வந்த இளைஞருக்கு, வாசகரின் உரிமை எத்தகையது என்பது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் அவர் அரவிந்தனைப் பிழைக்கவைக்கவில்லை.

இந்தச் சர்ச்சையில் என் நிலை இன்னதென்று சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது. அதற்கு எங்கள் ஊர்க் கோயிலின் வரலாறு எனக்குத் துணை செய்கிறது. தருமபுரம், திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த பதி. திருஞானசம்பந்தரோடு அவர் இங்கே வந்தபோது, பிள்ளையாரின் பதிகங்கள் பரவுவதற்குப் பாணரின் யாழே காரணம் என்று சுற்றத்தார் பெருமை பேசினார்கள். தம்மைப் புகழ்ந்த அந்த மொழியைத் தாங்கமாட்டாத பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருளவேண்டுமென்று பிள்ளையாரையே வேண்டினார். அவ்வாறே பாடப்பெற்றது, யாழில் அது அடங்கவில்லை, பாணர் யாழை முறிக்கப் போனார், பிள்ளையார் தடுத்தருளினார். இறைவன் இங்கே யாழ்மூரிநாதர் என்று பெயர் பெற்றது இதனால்தான். சுற்றத்தார் சொன்னது பழிப்பன்று, புகழ்ச்சியே. ஆனால் உரிய இடத்தில் வைக்கப்படாத புகழ்ச்சி. ‘குறிஞ்சி மலர்’ பெற்ற புகழும் பெரும்பகுதி அப்படிப்பட்டதே என்பது என் துணிபு.

அரவிந்தன் இறந்ததற்காகவும் பூரணி வெள்ளையுடுத்தியதற்காகவும் அந்த நாவலைப் போற்றியவர்களும், அதே காரணத்துக்காக அதைத் தூற்றியவர்களும் கடைசிச் சில அத்தியாயங்களையே நாவலாகக் கருதிவிட்டார்கள். அதன் மெய்யான சிறப்பு முற்பகுதியில் இருக்கிறது. அரிசி தீர்ந்துபோன வீடு, வாடகை பாக்கி, அப்பாவின் புத்தகங்களை அவருடைய உழைப்புக்கு மதிப்பளிக்காதவர்களிடமிருந்து காப்பாற்றவேண்டிய கவலை, வேலை கேட்டுப் போகுமிடத்தில் ஒரு பெண் சந்திக்கும் பார்வைகள் என இவற்றையெல்லாம் ஒரு காதல் கதையின் அஸ்திவாரமாக, லட்சக்கணக்கானோர் படிக்கும் பத்திரிகையில், 1960-ல் ஒருவர் எழுதினார் என்பது சாமானியமன்று. உழைக்கும் இருவர், உழைப்பின் காரணமாகவே ஒருவரையொருவர் அறிந்து, மதித்து, அந்த மதிப்பு அன்பாகப் பழுக்கும் கதை அது. அழகைக் கண்டு மயங்கிய அன்பன்று. தன் சம்பாத்தியத்தில் தம்பி தங்கையரைப் படிக்கவைத்த எத்தனையோ தமிழ்ப் பெண்கள், பூரணியிடம் தங்கள் முகத்தைக் கண்டார்கள். எங்கள் தெருவிலேயே, ஆசிரியைப் பயிற்சி பெற்று மூன்று தங்கையரைக் கரையேற்றிய அம்மையார் ஒருவர், “முடிவு எப்படியோ போகட்டும் தம்பி, அவள் முதல் சம்பளம் வாங்கின இடம்தான் எனக்குப் போதும்” என்று சொன்னார். அந்த நாவலைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களில் இதைவிட நுட்பமானது வேறில்லை.

முடிவைப் பற்றி மருமகளின் கட்சியே என் கட்சி. பூரணி துணிவது தவறென்று நான் சொல்லவரவில்லை. அவ்வளவு வேலையையும் அவ்வளவு உறுதியையும் உடைய ஒருத்தி அவ்வாறு வாழ முடியும் என்பதை ஆசிரியர் நம்பும்படி காட்டியிருக்கிறார். ஆனால் அந்தக் காய்ச்சல், கதையின் உள்ளிருந்து வந்த காய்ச்சலன்று. அவளைத் தெய்வமாக்கிவிடவேண்டுமென்று ஆசிரியர் ஏவி அனுப்பிய காய்ச்சல். தேர்தலில் நிற்கும் மனைவியோடு ஓர் ஆண் எவ்வாறு குடும்பம் நடத்துவான் என்ற கடினமான, அதுவரை தமிழ் நாவல் அதிகம் தொடாத கேள்வி வாயிலில் வந்து நின்றபோது, அரவிந்தனை அப்புறப்படுத்தி அந்தக் கேள்வியையும் அப்புறப்படுத்திவிட்டார் அவர். தியாகத்தைச் சித்திரிப்பதைவிடச் சேர்ந்து வாழ்வதைச் சித்திரிப்பது அரிய கலை. பின்னர் 1965-ல் ‘தீபம்’ பத்திரிகையைத் தொடங்கி, 1971-ல் ‘சமுதாய வீதி’க்குச் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்ற அந்தப் பெரிய எழுத்தாளருக்கு அது இயலாத காரியமாக இருந்திருக்காது.

நா. பார்த்தசாரதி 1987 டிசம்பரில் மறைந்தார். அவருடைய நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டதால் ‘குறிஞ்சி மலர்’ இன்று குறைந்த விலையில் பல பதிப்புகளாகக் கிடைக்கிறது. பொது நூலகங்களிலும் இருக்கிறது. பாட்டி அழுத கதை என்று கேள்விப்பட்டதோடு நின்றுவிட்ட இளைய வாசகர்கள், முதல் அத்தியாயத்திலிருந்து அதைப் பொறுமையாகப் படிக்கவேண்டும். படித்து முடித்தபின், வீட்டில் அதை முன்னரே படித்த பெரியவர் ஒருவர் இருந்தால், அவர் எந்தக் கட்சி என்று அவசியம் கேட்கவேண்டும்.