லால்பாக்கில் கற்ற பாடம்

பேத்தியைக் கல்லூரியில் சேர்க்கப் பெங்களூர் போன இடத்தில் லால்பாக் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். இன்று 240 ஏக்கர்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை நிர்வகித்த ஜான் கேமரான், வெளிநாட்டுக் காய்கறிகளை வரவழைத்துப் பயிரிட்டுப் பார்த்தார். மெக்சிகோ பக்கத்துச் சௌசௌ நமக்குப் 'பெங்களூர் கத்தரிக்காய்' ஆனது அப்படித்தான்.

எனக்கு வெட்கமாயிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயி ஒருவர் சிப்பிக் காளானை ராஜபாளையத்தில் என் மொத்தக் கடைக்குக் கொண்டுவந்தார். "இதை இங்கே யார் வாங்குவார்?" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார். இன்று என் கடையிலேயே காளான் விற்கிறது, வருவதோ வெளியூரிலிருந்து.

வணிக நண்பர்களே, புதுச் சரக்கு வந்தால் ஒரு கூடையாவது வாங்கி வைத்துப் பாருங்கள். போனால் ஒரு கூடைதானே!