இலையை உதிர்க்கும் காடு, உதிர்க்காத காடு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில் எங்கள் கல்லூரி மாணவர்களை நீலகிரிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். முதுமலையில் தெப்பக்காட்டில் பஸ் நின்றது. சாலையின் இருபுறமும் தேக்கு மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் குச்சி குச்சியாக நின்றன. காலடியில் சருகு நொறுங்கியது. "காடே பட்டுப்போய்விட்டதே, சார்!" என்றார் ஒரு மாணவர்.

அங்கிருந்து மசினகுடி வழியாகக் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி உதகமண்டலம் சேர்ந்தோம். தூரம் 40 கிலோமீட்டருக்கும் குறைவுதான். அங்கே மலை மடிப்புகளில் சோலைக் காடுகள் கரும்பச்சையாக அடர்ந்து கிடந்தன. "கீழே காய்ந்த காடு, மேலே எப்படி சார் இவ்வளவு பச்சையாக இருக்கிறது?" என்று அதே மாணவர் கேட்டார். நானோ இயற்பியல் ஆசிரியன். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஊர் திரும்பிப் படித்துப் பார்த்தபோது, விடையில் முக்கால் பங்கு இயற்பியலாகவே இருந்தது!

மரம் தண்ணீரை எப்படி மேலே ஏற்றுகிறது? காற்றழுத்தத்தால் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்குத்தான் தள்ள முடியும் என்று பாரமானிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களில் சில 110 மீட்டரையும் தாண்டியவை. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை இறைப்பது யார்?

இலைகள்தாம். இலையிலுள்ள நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது, அதற்குப் பின்னால் உள்ள நீர் இழுபடுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால், அந்த இழுப்பு வேர் வரைக்கும் எட்டுகிறது. கிணற்றில் கயிறு இழுப்பதுபோல. ஆனால் இங்கே கயிறே தண்ணீர்தான். மண்ணில் நீர் வற்றிய பிறகும் இலைகள் இழுத்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் குழாய்க்குள் காற்றுக் குமிழ் தோன்றிக் கயிறு அறுந்துவிடும். அந்தக் குழாய் அதன்பின் நீரேற்றாது. பல குழாய்கள் இப்படிக் கெட்டால் மரமே சாகும்.

தெப்பக்காட்டுத் தேக்கு பட்டுப்போகவில்லை. கோடையில் இழுப்பைக் குறைப்பதற்காக இலைகளை உதறிவிட்டு, மழைக்காகக் காத்திருந்தது. மசினகுடிப் பக்கம் மழை இன்னும் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்றை மலை மறித்துவிடுவதால் அங்கே முள்மரங்களும் சிறிய இலைகளுமே மிகுதி. உதகமண்டலமோ தெப்பக்காட்டைவிடச் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி சென்டிகிரேடு குறையும். குளிர்ந்த காற்று இலைகளிலிருந்து நீரைக் குறைவாகவே இழுக்கிறது. மூடுபனியும் துணை செய்கிறது. சோலை மரங்கள் ஏன் இலையை உதிர்க்க வேண்டும்?

ஆகவே மழை எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. ஆவியாகிப் போவது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். சைபீரியாவில் யாகூட்ஸ்க் என்ற நகரம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்தாலும் சுமார் 240 மில்லிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! ஆனாலும் அந்த நகரைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் காடு. ஆவியாதல் குறைவு, கோடையும் குறுகியது. மேலும், அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பதால் மேலே உருகும் நீர் கீழே இறங்கித் தொலைந்துபோவதில்லை.

குளிர் நாட்டு மரங்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. குழாயில் உள்ள நீர் உறையும்போது, அதில் கரைந்திருந்த காற்று குமிழ்களாகப் பிரிகிறது. ஓக் மரத்தின் குழாய்கள் அகலமானவை. அவற்றில் பெரிய குமிழ்கள் தங்கிவிடுகின்றன. எனவே ஐரோப்பாவின் ஓக் மரம் குளிர்காலத்துக்கு முன்பே இலைகளை உதிர்த்துவிட்டு, வசந்தத்தில் புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொள்கிறது. வறட்சிக்கு நம் தேக்கு செய்யும் வைத்தியமும் இதுவே, நோய்தான் வேறு. பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களின் குழாய்களோ மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு அகலமே உள்ளவை. அவற்றில் குமிழ்களும் மிகச் சிறியவை. குமிழ் சிறுத்தால் பரப்பு இழுவிசை அதை அதிகமாக நெருக்கும் என்பது உங்கள் பாடத்தில் உள்ளதுதான். பனி உருகியதும் அவை நீரில் கரைந்து மறைகின்றன. அதனால் இந்த மரங்கள் பனிக்காலத்திலும் இலையோடு நிற்க முடிகிறது. யாகூட்ஸ்கின் லார்ச் மரம் மட்டும் ஊசியிலை மரமாக இருந்தும் இலையை உதிர்த்துவிடுகிறது. அங்கே குளிர் அவ்வளவு கொடியது. அமேசான் காட்டுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. மனௌஸ் நகரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. உறைபனி என்ற பேச்சே இல்லை.

மீண்டும் நீலகிரிக்கு வருவோம். சோலைகளுக்கு இடையே பெரிய புல்வெளிகளைப் பார்க்கலாம். "இங்கே மட்டும் ஏன் மரம் இல்லை?" என்று நீங்களும் கேட்பீர்கள். டிசம்பர், ஜனவரியில் மேகமற்ற இரவுகளில் திறந்த புல்வெளி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு வீசிவிடுகிறது. புல்லின்மேல் உறைபனி படிகிறது. அங்கே முளைக்கும் சோலை மரக்கன்றுகள் பெரும்பாலும் அதில் கருகிவிடும். சோலைக்குள் உறைபனி அரிது. மேலே உள்ள இலைக்கூரை வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது.

புல்வெளியை வெறும் தரிசு நிலம் என்று எண்ணிவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸையும், வாட்டில் என்னும் சீகை மரத்தையும் கொண்டுவந்தனர். சுதந்திரத்துக்குப் பின்னும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் அவை ஏராளமாக நடப்பட்டன. உறைபனியைத் தாங்கும் சீகை, நடாத இடங்களிலும் தானே பரவியது. வரையாடு மேய்ந்த புல்வெளிகளில் பெரும்பகுதி இப்படி மறைந்துவிட்டது. மரம் நட்டவர்கள் நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார்கள். இப்போது சீகையை வெட்டி அகற்றிப் புல்லை மீட்கும் வேலை நடக்கிறது. வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதைகள் மறுபடி முளைப்பதால் இது எளிதாக இல்லை.

இதில் ஒரு பகுதியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளைப் பள்ளியிலிருந்து கேட்டு வாங்குங்கள். ஜனவரி இரவில் ஒன்றைத் திறந்த வெளியில் புல்லின்மேல் வையுங்கள். மற்றொன்றைத் தழைத்த மரத்தடியில் வையுங்கள். விடிவதற்கு முன் எழுந்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிய இரவுகளைத் தனியாகக் குறிக்க மறக்க வேண்டாம்.