இரு வழிகளும் ஒரு விலாசமும்

இணைய இணைப்பை இரு நிறுவனங்களிடம் பெற்றுவிட்டால், ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும் என்று நம்புவோர் பலர். அந்நம்பிக்கை பாதியளவே சரியானது.

மும்பையில் ஒரு மருத்துவமனை இருப்பதாகக் கொள்வோம். அதன் நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளை வெளியூர் மருத்துவர்கள் மருத்துவமனையின் கணினியிலிருந்தே பெறுகின்றனர். முதல் நிறுவனம் அளித்த எண்ணே அக்கணினிக்கு உலகறிந்த முகவரி. அந்நிறுவனத்தின் கம்பி அறுந்தால், உள்ளே இருப்போர் இரண்டாம் இணைப்பின் வழியே வெளியுலகை அடைவர். வெளியிலிருந்து வருவோரோ அறுந்த வழியிலேயே வந்து நிற்பர். அந்த எண், முதல் நிறுவனத்துக்குரிய பெரும் தொகுதியில் ஒரு துளி. அதைத் தேடுவோரை உலகெங்குமுள்ள ரௌட்டர்கள் அந்நிறுவனத்தின் வாயிலுக்கே அனுப்புகின்றன. அயல் மாநிலத்தில் வாடகை வீடு மாறிய நேயர்களுக்கு இது புதிதன்று. நாம் புது வீட்டில் இருப்போம். ஊர்க் கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடக்கும்.

ஆகையால் விலாசம் சொந்தமாதல் வேண்டும். இந்தியாவில் 'ஐரின்' என்னும் தேசியப் பதிவகம் முகவரித் தொகுதியையும், அதனை ஆளும் வலையமைப்புக்குத் தனி எண்ணையும் வழங்குகிறது. பழைய முறை முகவரிகளாயின் 256-க்குக் குறைந்த தொகுதியை உலக ரௌட்டர்கள் பொதுவாக ஏற்பதில்லை. பிறகு, 1989-இல் உருவான 'பி.ஜி.பி.' என்னும் நெறிமுறைப்படி, "இம்முகவரிகள் இங்கே உள்ளன" என்று இரு நிறுவனங்கள் மூலமாகவும் அறிவிக்கவேண்டும். ஒரு வழி அறுந்தால் அவ்வழி அறிவிப்பு மறையும். சில விநாடிகளிலோ நிமிஷங்களிலோ உலகம் மறு வழியைப் பற்றிக்கொள்ளும்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. தன் முகவரிகளை மட்டுமே அறிவிக்கவேண்டும். ஒருவர் சொன்ன வழியை மற்றவரிடம் சொல்லலாகாது. 2019 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இரு இணைப்புகள் கொண்ட ஓர் உலோக நிறுவனத்தின் வழியே இத்தவறு நேர்ந்தது. வெரைசன் நிறுவனம் அதனைச் சோதியாமல் ஏற்றுப் பரப்பியது. கிளவுட்ஃப்ளேர் முதலிய பெருந்தளங்களுக்குரிய போக்குவரத்து அச்சிறு வாயிலில் புகுந்து திணறிற்று. பிழை சிறியவருடையதாயினும், சோதியாது ஏற்ற பெரியவர் மீதே குற்றம் மிகுதி என்பது என் கருத்து.

விலாசம் சொந்தமாகியும் வழி ஒன்றேயானால் பயனில்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரு கடலடிக் கம்பிகள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் பெரிதும் தளர்ந்தது. நிறுவனங்கள் இரண்டாயினும், இரண்டும் அந்த மேற்குக் கடலையே நம்பியிருந்தால் விளைவு ஒன்றே. கிழக்கே சிங்கப்பூர் வழியும் உடையோர்க்கே மாற்று இருந்தது. நகரத்துக்குள்ளும் இவ்வாறே, இரு கம்பிகளும் ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால், சாலை தோண்டுவோரின் ஒரு வெட்டு இரண்டையும் அறுக்கும். ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அவை எத்தெரு வழியே வருகின்றன என்று கேட்டு, வரைபடத்தையும் வாங்கிப் பார்ப்பது நலம்.