படம் வழிகாட்டுகிறது, பிள்ளை தானே வேலை செய்கிறான்!

ஒரு சிறுவன் மேஜை முன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஆசிரியை இல்லை. "அதை எடு, இதை வை" என்று சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் அவன் மளமளவென்று வேலை செய்கிறான்!

அவனுக்கு வழிகாட்டுவது யார்?

மேஜையில் ஒட்டியிருக்கும் நான்கு படச் சீட்டுகள்!

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான இந்த முறைக்கு "டீச்" என்று பெயர். அமெரிக்காவில், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவானது இது.

தாய் மீது பழி

1950களிலும் 60களிலும் இத்தகைய குழந்தையைப் பெற்றவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தாய் பாசம் காட்டாததால்தான் குழந்தை இப்படி ஆகிவிட்டது என்று மனநல நிபுணர்கள் பலரே கூறினார்கள்.

அதை மறுத்தவர் மனோதத்துவ நிபுணர் எரிக் ஷாப்ளர். இவர் ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிக் கொடுமைக்குத் தப்பி, 1938-ல் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர்.

தாய் மீது தவறு இல்லை என்றார் ஷாப்ளர். பெற்றோரையே துணை ஆசிரியர்கள் ஆக்கினார். 1972-ல் இது மாநிலம் முழுவதற்குமான திட்டம் ஆயிற்று.

காதைவிடக் கண்

இந்தக் குழந்தைகளில் பலருக்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது எளிதில் விளங்கும். பேச்சு காற்றோடு போய்விடும். படம் அங்கேயே இருக்கும்! மறந்தால் மறுபடி பார்க்கலாம்.

நான்கு கேள்விகள்

என்ன வேலை? எவ்வளவு வேலை? முடிந்தது என்று எப்படித் தெரியும்? அடுத்து என்ன?

இந்த நான்குக்கும் பதில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சிறுவனின் இடது பக்கம் மூன்று கூடைகள். அவற்றில் வட்டம், சதுரம், முக்கோணம் வரைந்திருக்கிறது. முதல் சீட்டில் வட்டம். அதை எடுத்து, வட்டக் கூடையில் ஒட்டுகிறான். கூடைக்குள் பல நிறப் பொத்தான்கள். நிறம் நிறமாகப் பிரிக்கிறான். முடிந்ததும் வலது பக்கப் பெட்டியில் வைக்கிறான். பிறகு அடுத்த சீட்டு.

சீட்டு குறையக் குறைய, வேலையும் குறைகிறது!

கவனம் தேவை

புதுப் பாடத்தை இப்படிக் கொடுக்கக் கூடாது. ஆசிரியை முதலில் அருகில் உட்கார்ந்து கற்றுக் கொடுக்க வேண்டும். நன்றாகத் தெரிந்த வேலைதான் கூடைக்குள் போகும்.

படம் புரியாத குழந்தையும் உண்டு. தண்ணீர் குடிக்கும் நேரம் என்பதற்கு, அவனிடம் டம்ளரையே காட்ட வேண்டும். எழுத்து தெரிந்தவனுக்குப் படம் வேண்டாம். எழுதிய பட்டியல் போதும்.

ஆசிரியை ஓயாமல் விரலால் காட்டினால், பிள்ளை படத்தைப் பார்க்க மாட்டான். விரலுக்காகக் காத்திருப்பான்!

"எத்தனை நாளைக்குப் படத்தை நம்பி இருப்பது?" என்று சிலர் கேட்கலாம். கடைக்குப் போகிறவர் சீட்டு எழுதிக்கொண்டு போவதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

இதோ, கடைசிச் சீட்டு. அதில் பந்துப் படம்! சிறுவன் எழுந்து விளையாட ஓடுகிறான். யாரும் சொல்லவில்லை. அவனாகவே ஓடுகிறான்!